மாதா கை நனைக்கும் வரை

இந்த ஆண்டு பயிற்சி முகாமுக்கு வந்து, "விவிலியத்தில் தாய்மையும் விடுதலை இறையியலும்" என்ற தலைப்பில் மடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேச வேண்டும் என்று எனக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். மதிய உணவுக்கு முந்தின நாற்பது நிமிடம் எனக்கு. படித்தவர்களுக்குக் காலை நேரம், பாடத் தெரிந்தவர்களுக்கு மாலை நேரம், யாரும் எதையும் கவனிக்காத பசி வேளை மட்டும் ஓய்வு இல்லத்துக் கன்னியருக்கு. முழங்கால் பேருந்து ஏற விடவில்லை என்பதால் எழுதி அனுப்புகிறேன். உங்களில் குரல் நன்றாக இருக்கும் ஒருவர் வாசியுங்கள். மற்றவர்கள் கைப்பேசியை மேசைக்குக் கீழே ஒளித்துப் பார்க்க வேண்டாம், மேலேயே வைத்துப் பார்க்கலாம். நான்தான் அங்கே இல்லையே.

முப்பத்து நாலு வருடம் தூத்துக்குடிக் கடற்கரையில் பெண்கள் சபைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தொட்டில் ஆட்டாத என்னை ஊர் முழுக்க "மதர்" என்று கூப்பிட்டது. ஆறு பெற்று இரண்டைப் பறிகொடுத்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, தாய்மை என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நானும் கூசாமல் சொன்னேன். அதற்கென்று ஒரு சார்ட் வைத்திருந்தேன். மாதாவின் ஏழு புண்ணியங்கள். தாழ்ச்சி, பொறுமை, கீழ்ப்படிதல் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் மௌனம். மௌனத்தை மட்டும் பச்சை மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

நடுவில் மதுரையில் பத்து நாள் விடுதலை இறையியல் பயிற்சிக்கும் போயிருக்கிறேன். ஜோல்னாப் பை கொடுத்தார்கள். கை தட்டிப் பாடினோம். அடிமைகளை எகிப்திலிருந்து கூட்டிப்போன கடவுள் இன்றைக்கு யார் பக்கம் நிற்கிறார் என்று வட்டமாக உட்கார்ந்து பேசினோம். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அரசனிடம் பொய் சொல்லித் தப்பித்த மருத்துவச்சிகள், மோசேயை மூன்று மாதம் ஒளித்து வைத்த தாய், இவர்கள் இல்லாவிட்டால் விடுதலையே இல்லை என்று வகுப்பெடுத்தவர் மேசையைத் தட்டிச் சொன்னார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். "ஏழைகள் சார்பான தேர்வு" என்பதற்கும் இரண்டு கோடு. ஏழைகள் நம்மைத் தேர்ந்தெடுப்பார்களா என்று மட்டும் அந்தப் பத்து நாளில் ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பினேன், பையை ஆணியில் மாட்டினேன், பழைய சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

இனிச் சொல்லப் போவது நான் செய்த ஒரு தப்பு. இதில் வரும் பெண்தான் என் குரு. அவள் பேரை எழுத மாட்டேன். அவளைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை.

துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரை ஊர் அது. அவள் அங்கே கருவாடு காயப் போட்டுப் பிழைத்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள்தான், ஆனாலும் நான் எல்லாரையும் அக்கா என்று கூப்பிடுவது வழக்கம், அவளையும் அப்படித்தான். கணவன் இல்லை. ஒரே மகன். இருபத்திரண்டு வயது. எனக்கு அப்போது அறுபது நடந்துகொண்டிருந்தது.

பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்குத் தோணிகள் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஊர் முதலாளி ஒருவருக்கும் ஒரு தோணி உண்டு. அந்த ஐப்பசியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டிய நாளில், பட்டியலில் இருந்த ஒன்பது பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக அக்காவின் மகன் ஏறிப் போனான். காகிதம் எதுவும் இல்லாமல், அந்த நேரத்து அவசரத்துக்குக் கை உதவியாக. நடுக்கடலில் புயல் பிடித்தது. எந்திரம் நின்றது. ஒரு அலை அவனைத் தூக்கிக்கொண்டு போனது. ஏழாம் நாள் தோணி தட்டுத் தடுமாறி எட்டுப் பேரோடு கரை சேர்ந்தது.

காய்ச்சல்காரன் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பட்டியலை வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தால் ஒன்பது பேரும் உயிரோடு இருந்தார்கள். காகிதத்தில் ஒருவரும் குறையவில்லை. குறைந்தவன் காகிதத்திலேயே இல்லை.

காகிதம் இல்லாத ஆளை ஏற்றியது தெரிந்தால் தோணியை நிறுத்திவிடுவார்கள். ஊர்க்கமிட்டி கூடியது. "போனவன் திரும்பி வரப் போறதில்ல. ஒருத்தனுக்காக எட்டு குடும்பத்த நடுத்தெருவுல நிப்பாட்டவா?" என்றார் தலைவர். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மக்களுக்காக ஒருவன் சாவது நல்லது என்று இயேசுவின் காலத்திலேயே ஒரு தலைமைக் குரு சொல்லியிருக்கிறார். அவர் பேரை நாம் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்போம், மற்ற நாட்களில் அவர் சொன்னபடி நடப்போம். கமிட்டி முடிவு எழுதப்படவில்லை. பையன் தோணியில் ஏறவே இல்லை, கல்ஃபுக்கு ஓடிவிட்டானாம் என்று மட்டும் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போன அக்காவிடம் ஊர்க் கடிதம் கேட்டார்கள். ஊர் கடிதம் தரவில்லை.

எனக்கு இது தெரியாதா? தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது கன்னியர் மடத்துக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வதில் எங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. அவள் வீட்டுக்குப் போனேன். வியாகுல மாதா படம் ஒன்று கொடுத்தேன். மாதாவும் மகனைப் பறிகொடுத்தவள்தானே, பொறுமையாக இருங்கள், உங்கள் மகனுக்காகத் தினமும் செபம் பண்ணுகிறேன் என்றேன். அவள் படத்தை வாங்கி, பத்திரமாக, அரிசிப் பானைமேல் வைத்தாள்.

மார்கழியில் பெண்கள் சபைக்கு விவிலிய வினாடி வினா நடத்தினேன். எருசலேம் கோயிலில் காணாமல் போன பாலன் இயேசுவை மாதா எத்தனை நாள் தேடினாள் என்பது ஒரு கேள்வி. மூன்று நாள் என்று யாரோ சொல்லி ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"மதர், மூணு நாளு தேடுனாளே, ஊருக்காரங்களும் கூடத் தேடுனாங்களா? இல்ல, அவ புருசனும் அவளும் மட்டுந்தானா?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும்தான். நான் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். "அதெல்லாம் பாடத்துல இல்ல அக்கா. அடுத்த கேள்வி," என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். விவிலிய வகுப்பில் முப்பத்து நாலு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. அதற்கு ஒரு டிபன் பாக்ஸ்கூட நான் கொடுக்கவில்லை.

இனி அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, வருகிறேன். சூசையப்பர் திருநாளில் எங்கள் கடற்கரை ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ச்சை வைத்தவர், ஒரு ஏழைப் பெரியவரையும் ஒரு ஏழைப் பெண்ணையும் ஒரு குழந்தையையும் சூசையப்பர், மாதா, பாலன் இயேசு என்று திருக்குடும்பமாக உட்கார வைத்து, கால் கழுவி, அதை முத்தமிட்டு, தன் கையாலேயே பரிமாறுவார். மாதா முதல் வாய் எடுத்த பிறகுதான் பந்தியில் மற்றவர்கள் இலையில் கை வைக்கலாம். கால் கழுவியதிலிருந்து இலையை விட்டு எழும் வரைக்கும் அந்த மூவரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வையக் கூடாது, எழுப்பக் கூடாது. ஒரு வருடம் மருமகள் மாதாவாக உட்கார்ந்தாள். மாமியார் அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தை மாமியார் ஆடி மாதம் வரை வைத்திருந்து தீர்த்துக்கொண்டாள்.

மாதாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. என் தகுதிப் பட்டியல் சின்னது. ஏழையாக இருக்க வேண்டும், சேலை சுத்தமாக இருக்க வேண்டும், பேசக் கூடாது. வாயாடி ஒருத்தி உட்கார்ந்தால் பாயசத்தில் இனிப்பு போதாது என்று மாதாவே சொல்லிவிடுவாளோ என்று பயம். முதல் நாளே கூப்பிட்டு ஒத்திகை பார்ப்பேன். தலை குனிந்திரு, கொஞ்சமாகச் சாப்பிடு, யாரும் ஏதும் கேட்டால் சிரி.

அந்த வருட நேர்ச்சை தோணி முதலாளியுடையது. புயலிலிருந்து தோணி தப்பியதற்கு. கோயில் வாசலில் பந்தலை மறைக்கும் அளவுக்கு பேனர் கட்டியிருந்தார்: தோணியையும் அதில் சென்ற அனைவரையும் பத்திரமாகக் கரை சேர்த்த சூசையப்பருக்கு நன்றி. மாதாவாக அக்காவையே உட்கார வைத்தால் நல்லது என்று அவர் பங்குச்சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். சாமி என்னிடம் சொன்னார். முதலாளி அவள் காலைக் கழுவினால் மனத்தாங்கல் தீரும், ஊர் ஒன்றாகும், இது ஒப்புரவு என்றார். எனக்கும் ஒப்புரவு என்ற சொல் பிடித்திருந்தது. மாதாவாக உட்கார்ந்து அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், எல்லாரும் பத்திரமாக வந்துவிட்டார்கள் என்று அவளே ஊரறிய ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. முதலாளிக்கு உறைத்திருந்தது.

போய்க் கேட்டேன். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே, "வாரேன் மதர்," என்றாள். அவ்வளவுதான். என் ஆன்ம ஆலோசனை வேலை செய்துவிட்டது என்று சாமியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

திருநாளன்று பூசை முடிந்து பந்தலில் முந்நூறு பேர் உட்கார்ந்தார்கள். மேடையில் மூன்று நாற்காலி, மூன்று மேசை. சூசையப்பர், துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இடுப்பு விட்டுப்போய், அந்தக் கிறிஸ்மஸுக்குத்தான் வேலையை விட்ட ஒரு பெரியவர். சர்க்கரை வியாதி உண்டு. பாலன் இயேசுவாக, நேர்ச்சைக்கு மொட்டை போட்டிருந்த நாலு வயதுச் சிறுமி. மொட்டைத் தலைக்கு ஆணென்ன பெண்ணென்ன என்று நான்தான் முடிவு செய்தேன். நடுவில் அக்கா, நீல முக்காடு போட்டுக்கொண்டு.

முதலாளி முழங்காலிட்டுக் கால் கழுவினார். அவர் நல்ல மனிதர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்து மேற்கூரை அவர் போட்டது. கெட்டவர்களோடு நமக்குத் தொல்லையே இல்லை, எதிர்த்து ஒரு ஜெபக் கூட்டம் போட்டால் போதும். நல்லவர்களோடுதான் நமக்குச் சங்கடம். அக்கா காலை நீட்டினாள். அவர் கழுவித் துடைத்து முத்தமிட்டார். சோறும் சாம்பாரும் அவியலும் தன் கையால் வைத்தார். சாமி செபம் சொன்னார். முந்நூறு பேரும் மாதாவின் கையைப் பார்த்தார்கள்.

கை மடியிலேயே இருந்தது.

நான் குனிந்து, "அக்கா, ஒரு வாய் எடுங்க. எல்லாரும் காத்திருக்காங்க," என்றேன்.

"இருக்கட்டும் மதர்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எதிரே கைகூப்பி நின்ற முதலாளியைப் பார்த்தாள். "முதலாளி, அந்த பேனர்ல எல்லாரும் பத்திரமா வந்துட்டாங்கன்னு போட்டிருக்காமே. அந்த எல்லாருல என் மவன் உண்டா?"

முதலாளியின் கை கூப்பியபடியே நின்றது.

"அவன் ஒங்க தோணில ஏறுனானா, ஏறலையா? ஏறலன்னா ஏறலன்னு இங்கன, சூசையப்பர் முன்னால சொல்லுங்க. இந்தா, திங்கேன். ஏறுனான்னா ஏறுனான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

கமிட்டித் தலைவர் எழுந்துவிட்டார். "ஏளா! எந்திரி அங்கேருந்து! சோத்த முன்னால வச்சிக்கிட்டு என்ன நாடகம் போடுத?"

ஆண்கள் வரிசையிலிருந்தே ஒரு குரல் வந்தது. "ஏலே, மாதாவயா ஏளான்னு கூப்புடுத? கால் கழுவியாச்சுல்லா?"

தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரில் வேறெங்கே நின்று அவள் இதைக் கேட்டிருந்தாலும் வாயை அடைத்திருப்பார்கள். கமிட்டிக் கூட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை, காவல் நிலையத்தில் கடிதமில்லை, என் வகுப்பில் பாடமில்லை. ஒருவரும் அதட்ட முடியாத, எழுப்ப முடியாத நாற்காலி ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அதில் நாங்களே அவளைக் கூட்டிவந்து, காலையும் கழுவி உட்கார வைத்திருந்தோம். அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே அதை யோசித்து வைத்திருந்தாள்.

சாமி என்னைச் சாம்பார் அண்டாக்களுக்குப் பின்னால் கூட்டிப் போனார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர், இளவயது, கடற்கரைக்குப் புதிது. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. "சிஸ்டர், நீங்கதான அவங்களத் தேர்வு பண்ணீங்க? போய்ச் சொல்லுங்க. மரியாள் எதிர்த்துப் பேசல, ஆகட்டும்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. முடியலன்னா வேற ஒருத்தங்கள மாத்தி உட்கார வைப்போம்." தலைவரின் மதினி பட்டுச்சேலையோடு தயாராக நின்றிருந்தாள்.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க உங்களுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். நான் யோசித்தேன். மாதா ஆகட்டும் என்றது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால், இது எப்படி நடக்கும் என்று தேவதூதரையே கேள்வி கேட்டிருக்கிறாள். கோயிலில் மகனைக் கண்டுபிடித்ததும் போதகர்கள் நடுவிலேயே அவனைக் கண்டித்திருக்கிறாள். கானாவூர்க் கல்யாணத்தில் மகன் நேரம் வரவில்லை என்று சொன்ன பிறகும் வேலைக்காரரைக் கூப்பிட்டு வேலை சொல்லியிருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு, வலியவர்கள் அரியணையிலிருந்து இறக்கப்படுவார்கள், பசித்தவர்கள் நிறைவார்கள், செல்வர்கள் வெறுங்கையோடு போவார்கள் என்று பாடியிருக்கிறாள். அந்தப் பாட்டை நாம் தினமும் மாலையில் இனிமையாகப் பாடிவிட்டு இரவு உணவுக்குப் போகிறோம். இதில் எதையும் நான் சார்ட்டில் எழுதவில்லை. தாயின் கண்ணீரை வைத்துக்கொண்டு, அவள் கேட்ட கேள்வியை எடுத்துவிடுவதுதான் நம் தொழில்.

இருந்தாலும் என்னை அசைத்தது இதெல்லாம் இல்லை. அண்டா மறைவிலிருந்து எட்டிப் பார்த்தபோது அக்கா என் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். வினாடி வினா அன்று பார்த்த அதே பார்வை. இவளிடமிருந்து எதுவும் வராது என்று தெரிந்துகொண்ட பார்வை. எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபது வருடத்தில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

"மாதாவ மாத்த முடியாது சாமி," என்றேன்.

"ஏன் முடியாது?"

"கால் கழுவியாச்சு."

பாருங்கள் என் வீரத்தை. இத்தனை வருட விசுவாசமும் பத்து நாள் விடுதலை இறையியலும் இருக்க, கடைசியில் ஒரு அசனத்தின் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திரும்பிப் போய் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் செய்த புரட்சி முழுவதும் அவ்வளவுதான்.

கால் மணி நேரம் அப்படியே போனது. சாம்பாரில் ஆடை படிந்தது. ஆண்கள் வரிசையில் முணுமுணுப்பு. பெண்கள் வரிசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பாலன் இயேசு அப்பளத்தைத் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா பார்த்தாள். அப்பளத்தை ஒடித்துச் சிறுமியின் வாயில் வைத்தாள். "நீ தின்னு தாயி. பிள்ளையளுக்குச் சட்டம் கெடையாது."

சாமுவேல் இரண்டாம் நூலில் இரிஸ்பா என்று ஒரு தாய் வருவாள். அரசன் செய்த சமரசத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகளைக் கொன்று மலையில் போட்டுவிட்டார்கள். அவள் பாறையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். அறுவடையிலிருந்து மழை வரும் வரை பறவையையும் மிருகத்தையும் விரட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். அவள் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் தாவீது அரசன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்ய வைத்தான். முப்பத்து நாலு வருடத்தில் அவள் பேரை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தாள். அவளுக்காவது காவல் காக்கப் பிள்ளைகளின் உடம்பு இருந்தது என்றும் நினைத்தேன்.

சூசையப்பருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வேர்வை. மாத்திரை போட்டுவிட்டு வந்தவர், சாப்பிட்டே ஆக வேண்டும். நான் எழுந்தேன். அதற்குள் அக்கா பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க சாப்புடுங்க. ஒங்களுக்குச் சுகர் உண்டு. எனக்காவ இருக்காதிய."

அவர் தலையை ஆட்டினார். இலையைப் பார்த்தபடியே, "நான் பாத்தேன்," என்றார்.

"என்ன பாத்திய?"

"கடைசி வெங்காய மூட்டைய நாந்தான் தூக்கிக் குடுத்தேன். மேல நின்னு வாங்குனது ஒன் மவன்தான். தோணி போகையில எனக்குக் கையக் காட்டுனான்." அவர் அழத் தொடங்கினார். "அஞ்சு மாசமாத் தொண்டையில நிக்கிம்மா. சொன்னா எவனும் வேலைக்குக் கூப்புட மாட்டான்னு பயந்துட்டேன். இப்ப இடுப்பே போச்சு, இனிமே என்ன பயம்."

நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் ஊரில் பேசினார். அக்கா சோற்றைப் பிசைந்து அவர் கையில் ஒரு உருண்டை கொடுத்தாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அவள் மறுபடியும் முதலாளியைப் பார்த்தாள்.

"இனி நீங்க சொல்லுங்க."

முதலாளியின் உதடு அசைந்தது.

"சத்தமா முதலாளி. பின்னால இருக்கவங்களுக்குக் கேக்காது."

சாமியை இவ்வளவு நேரம் கிண்டல் செய்துவிட்டேன், இதையும் சொல்லிவிட வேண்டும். மைக்கை எடுத்துக்கொண்டு போய் முதலாளியின் வாய்க்கு முன்னால் பிடித்தவர் அவர்தான்.

"இவ மவன் எங்க தோணில ஏறுனான்," என்றார் முதலாளி. "திரும்பி வரல. மன்னிச்சிரு தாயி."

அக்கா கையை நனைத்தாள். ஒரு வாய் எடுத்தாள். மெதுவாக மென்று விழுங்கினாள். அதற்குப் பிறகு முந்நூறு பேரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள்.

இதற்குப் பின்னால் நடந்ததையும் கேட்பீர்கள். புகார் எழுதப்பட்டது. தோணி பல மாதம் நின்றது. எட்டுக் குடும்பங்களும் கஷ்டப்பட்டது உண்மை. அதில் ஒருத்தி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவள் பேசாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விடுதலை என்று நாம் பாட்டில் பாடுவது இறங்கி வரும்போது யார் வீட்டு அடுப்பாவது அணையும். என் உடல்நலத்தின் மேல் திடீர் அக்கறை வந்து, மூன்றே மாதத்தில் என்னை மலைப்பக்கத்து மடத்துக்கு மாற்றினார்கள். கடற்கரையில் முப்பத்து நாலு வருடம் எனக்குச் சளிகூடப் பிடித்ததில்லை. மலைக்குப் போன முதல் வாரமே பிடித்தது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அசனத்தில் நடந்தது இல்லை. பந்தி முடிந்து, கை கழுவி, அக்கா கோயிலுக்குள் உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தாள். நீல முக்காட்டை மடித்து என்னிடம் கொடுத்தாள். "மதர், இனி அவனுக்குப் பூசை வைக்கலாம்லா?" என்றாள்.

இறந்தான் என்று ஊர் ஒத்துக்கொள்ளாதவனுக்கு இறந்தோர் பூசை வைக்க முடியாமல் இருந்தது. அவள் அத்தனை பேர் முன்னால் போராடி வாங்கியது அதைத்தான். தன் மகன் செத்துவிட்டான் என்பதை. எனக்கு அப்போதுகூட அது முழுதாக உறைக்கவில்லை. எனக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. நாம் ஏதோ சாதித்துவிட்டோம், அடுத்த பயிற்சியில் இதைச் சொல்ல வேண்டும் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை என்று எழுதும் நோட்டை விரித்தேன். பேனாவைத் திறந்தேன்.

"பேரு சொல்லுங்க அக்கா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அஞ்சு மாசமா என் மவனுக்காகச் செபம் பண்ணுதேன்னு சொன்னியளே மதர். பேரு தெரியாம யாருக்குப் பண்ணுனிய?"

பேனாவை என் கையிலிருந்து அவளே வாங்கினாள். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, இறந்தோர் என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே மகனுடைய பேரை எழுதினாள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது கை நின்றுவிட்டது. நோட்டின் மேல் கவிழ்ந்து, "ஐயோ என் ராசா" என்று வாய்விட்டுக் கதறினாள். ஐந்து மாதத்தில் அவள் அழுதது அன்றைக்குத்தான்.